உஷார்! ஒரு செக்டரை விட்டால் மொத்த டிக்கெட்டும் காலி

மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சிங்கப்பூர். இரண்டும், திரும்பி வருவதும் ஒரே பி.என்.ஆரில் போட்ட டிக்கெட். கிளம்புவதற்கு முந்தின நாள் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். ‘எப்படியும் சென்னையில்தானே இருக்கிறோம், இதற்காக மதுரைக்குப் போய்த் திரும்பி வருவானேன், நேரே மீனம்பாக்கம் போய் சிங்கப்பூர் விமானத்தில் ஏறிக்கொள்வோம்’ என்று யாருக்கும் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். மதுரை விமானத்தில் நீங்கள் ஏறவில்லை என்று பதிவானதுமே, அந்த பி.என்.ஆரில் மிச்சமிருக்கும் செக்டர்கள், அதாவது பயணப் பகுதிகள், அத்தனையும் ரத்தாகிவிடும். சிங்கப்பூருக்குப் போகும் செக்டர் மட்டுமல்ல, திரும்பி வருவதும் சேர்ந்தே போய்விடும். கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும்.

நமக்கு ரயிலும் பஸ்ஸும் பழகிவிட்டன. எழும்பூரில் ஏற வேண்டியவர் போர்டிங் பாயின்டை மாற்றிக்கொண்டு விழுப்புரத்தில் ஏறுவதில்லையா? காசு கட்டியாகிவிட்டது, சீட்டு நம்முடையது, எங்கே ஏறினால் என்ன என்றுதான் மனது கணக்குப் போடுகிறது. விமானத்தில் அந்தக் கணக்கு செல்லாது. டிக்கெட்டில் எந்த வரிசையில் செக்டர்கள் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் பறக்க வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தவை செல்லாது என்று பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் ஒரு சின்னக் கட்டத்தில் ‘டிக்’ அடிக்கிறோமே, அங்கேதான் இதற்கும் சம்மதம் சொல்கிறோம்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர்கள். எனக்கு நெருங்கிய உறவில் ஒரு தம்பதி, மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போக ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கிளம்பும் நாளில் மாமாவுக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் விமான நிறுவனத்துக்கு யாரும் போன் செய்யவில்லை. உடம்பு தேறியதும் வேறொரு நிறுவனத்தில் போவதற்கு மட்டும் டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். போகும் டிக்கெட் பணம் போனால் போகட்டும், திரும்பி வரும் டிக்கெட்தான் இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்தோம்.

மாதங்கள் கழித்து டல்லாஸ் கவுண்டரில், அப்படி ஒரு டிக்கெட்டே இப்போது இல்லை என்றார்கள். போகும்போது வராததால், அன்றைக்கே ரிட்டர்னும் ரத்தாகியிருந்தது. அத்தை அந்த பிரின்ட்-அவுட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்து எடுத்துக் காட்டி, “டிக்கெட் இங்கே இருக்கே, பேர் இருக்கே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கே தங்குவதற்குக் கொடுத்திருந்த ஆறு மாத அனுமதி முடியப்போகிற சமயம். ஆற அமர விலை பார்த்து வாங்க நேரமில்லை. கடைசி நேர விலைக்கு இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளை மகள் அங்கேயே நின்றுகொண்டு கார்டில் வாங்கினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து யாராவது ஒரு போன் செய்திருந்தால் அந்த ரிட்டர்னைக் காப்பாற்ற வழி இருந்திருக்கும்.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகின்றன? விமானக் கட்டணம் தூரத்தைப் பார்த்துப் போடுவதில்லை, போட்டியைப் பார்த்துப் போடுவது. நேரடி விமானத்தைவிட ஒரு ஊர் சுற்றிப் போவது மலிவாக இருக்கும். ஒருவழி டிக்கெட்டைவிட ரிட்டர்ன் மலிவாகக் கிடைப்பதும் உண்டு. மலிவானதை வாங்கிப் பாதியை மட்டும் பயன்படுத்துகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் வலை வீசியது அவர்களுக்கு, சிக்குவது காய்ச்சல் வந்தவரும் கல்யாணத்துக்குப் போனவரும். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஜெர்மனியின் உயர்நிலை நீதிமன்றமான பி.ஜி.ஹெச்., லுஃப்தான்சாவும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வைத்திருந்த இத்தகைய விதி பயணிகளுக்குப் பாதகமானது என்று 2010-ல் சொன்னது. ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2018-ல் ஐபீரியா நிறுவனத்தின் விதியையே செல்லாதென்றது. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் ரீஃபண்ட் விதிகளில் இதற்குத் தடை எதுவும் கிடையாது. ஆகவே நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி செக்டரை விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பின் ரத்து செய்ய எதுவும் இல்லைதான். ஆனால் செக்-இன் செய்த பெட்டி டிக்கெட்டில் இருக்கும் கடைசி ஊருக்குப் போய்விடும். ஆஸ்லோவுக்குத் திரும்ப வேண்டிய ஒரு பயணி பிராங்ஃபர்ட்டிலேயே இறங்கிக்கொண்டதற்காக, 2,000 யூரோவுக்கு மேல் கேட்டு லுஃப்தான்சா அவர்மீது வழக்கே போட்டது. பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. என்றாலும் வழக்கு வரை போகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, முதல் செக்டரில் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? விமானம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இது ஒன்றுதான் உயிர்நாடி. நிறுவனத்தின் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, “இந்த செக்டரில் வரவில்லை, மற்றவை வேண்டும், டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்யுங்கள்” என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டண வித்தியாசம் கேட்பார்கள், சில சமயம் அது வலிக்கும். ஆனாலும் மொத்தத்தையும் இழந்து கடைசி நேரத்தில் புது டிக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிராவல்ஸ்காரர் மூலம் எடுத்திருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அவர் “பார்த்துக்கிறேன் சார்” என்பதோடு விட்டுவிடாதீர்கள். திருத்திய இ-டிக்கெட் மின்னஞ்சலில் வந்த பிறகு, நிறுவனத்தின் ஆப்பில் பி.என்.ஆரைப் போட்டு, மிச்ச செக்டர்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். வெப் செக்-இன் செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அது நோ-ஷோதான், அதாவது வராதவர் கணக்குதான், மறக்காதீர்கள்.

முதல் விமானத்தை நிறுவனமே தாமதப்படுத்தியதாலோ ரத்து செய்ததாலோ அடுத்ததைத் தவறவிட்டால் கதை வேறு. ஒரே பி.என்.ஆர். என்றால், உங்களை மாற்று விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மதுரை விமானம் தாமதமானதற்கு சிங்கப்பூர் விமானக்காரர் காத்திருக்க மாட்டார்.

இனி ‘நான்-ரீஃபண்டபிள்’. இந்த வார்த்தையைப் பார்த்ததும் பைசா திரும்பாது என்று கைகழுவிவிடுகிறோம். அது தவறு. டி.ஜி.சி.ஏ. விதிப்படி, எவ்வளவு மலிவான சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், நீங்கள் பறக்கவே இல்லை என்றாலும், அரசு வரிகளையும் யு.டி.எஃப். போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. ரீஃபண்டைக் கையாளத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான வரவாக ‘கிரெடிட் ஷெல்’லில் போட்டுவைப்பது உங்கள் விருப்பம், அவர்கள் தாமாகச் செய்ய முடியாது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திரும்ப வரச் செய்யும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. ஆனால் ஒன்று: வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி ரீஃபண்ட் கொடுக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. ரசீதில் வரிகளோடு வரியாக ‘ஒய்.க்யூ’ என்று ஒரு தொகை இருக்கும். அது அரசு வரி இல்லை, நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம். அது திரும்பும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டிக்கெட் போட்ட அன்றே தவறு தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பதிவு செய்ததிலிருந்து ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யவும் மாற்றவும் நம் விதியில் இடமுண்டு. புறப்பாட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது எடுத்த டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு அந்நாட்டு விதியும் இதே போன்றதுதான்: புறப்பாட்டுக்கு 7 நாள் முன்னதாக நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அதே விலைக்கு அவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம். இரண்டில் எதைத் தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

தரவேண்டியதைத் தரவில்லை என்றால், மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார் பதியுங்கள். டிக்கெட், ரத்து செய்த மின்னஞ்சல், போன் பேசிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.