மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்

மாதக்கணக்கில் ஓட்டத்தை விட்டவர் மறுபடி ஷூ மாட்டிய முதல் நாளே தெரிந்துவிடும். முன்பு பேசிக்கொண்டே ஓடிய தூரத்தில் பாதி வருவதற்குள் மூச்சு வாங்கும். ‘ஸ்டாமினா போச்சு’ என்பார்கள். போனவற்றில் முதலில் போனது ரத்தம்தான்.

பயிற்சி செய்கிற உடல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் கூடுதலாக வைத்திருக்கும். நிறுத்திய இரண்டு மூன்று வாரத்துக்குள் அது குறைந்துவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் அது தள்ளுகிற அளவும் குறையும். ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்க வேண்டும். பழைய மெதுவோட்டத்துக்கே நாடி எகிறுவது இதனால்தான். ஓய்வு நீண்டால், தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறையத் தொடங்கும்.

எவ்வளவு திரும்பும்? 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே கிடத்திவைத்தார்கள். அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. பிறகு 8 வாரக் கடும் பயிற்சியில் அதை மீட்டார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். எடை ஏறியிருந்தது, கொழுப்பு கூடியிருந்தது. ஆனாலும் 30 ஆண்டு வயது கெடுத்ததைவிட அந்த 3 வாரப் படுக்கை கெடுத்ததுதான் அதிகம்! நடை, ஜாகிங், சைக்கிள் என்று 6 மாதம் படிப்படியாகக் கூட்டியதில், படுக்கைக்கு முன்பு தங்களுக்கு இருந்த அளவுக்கு மீண்டும் வந்தார்கள். இளமையில் கடும் பயிற்சிக்குப் பின் தொட்ட உச்சத்தை மட்டும் ஒருவரும் எட்டவில்லை. ஐந்தே பேர்தான் என்றாலும், ஐம்பதைத் தொட்டவர்களுக்கு இதைவிடத் தெம்பான சேதியை நான் படித்ததில்லை.

ஆபத்து முதல் நாளில் இல்லை, மூன்றாவது நான்காவது வாரத்தில் இருக்கிறது. பிளாஸ்மா சீக்கிரமே கூடிவிடும், மூச்சு சீராகும், ‘பழையபடி ஆகிவிட்டேன்’ என்று தோன்றும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களும், எலும்பும் புதிய சுமைக்குப் பழக மாதங்கள் எடுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி, குதிகாலுக்கு மேலே இழுப்பு என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த அவசரத்தின் கூலி.

அதனால் முதலில் நடை; பிறகு நடையும் ஓட்டமும் மாறி மாறி. முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். இதயத்துக்கு இன்னும் வேலை கொடுக்க ஆசையா, சைக்கிளோ நீச்சலோ இருக்கிறது. காலில் அடி விழாது. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை. நெஞ்சுவலி, மயக்கம், இதய நோய், சர்க்கரை இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

தேறுகிறோமா என்று பார்க்க, அதே பாதையில், அதே வேகத்தில், அதே காலை நேரத்தில் நாடியைக் கவனியுங்கள். வாரங்கள் போகப்போக இறங்க வேண்டும். புழுக்கமான நாளில் அது தானாகவே ஏறும், அந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி அடங்கியே இருக்கும். அவர்கள் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு, பேச முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.