திருவிழா இரவும் தெளிவான படமும்

நெகிரி செம்பிலான் மாநிலம், அம்பாங்கான் வட்டாரத் தோட்டக் கோயில்களின் இரவுத் திருவிழாவுக்கு அழகு சேர்ப்பது விளக்கொளியே. ஆயினும் அக்காட்சியை டிஜிட்டல் கேமராவில் எடுத்துப் பார்த்தால், அம்பாளின் திருமுகத்தில் மணல் தூவியது போன்று புள்ளிகள் படர்ந்திருக்கும். தோட்டங்கள் பல கைமாறி, மக்கள் இடம்பெயர்ந்துவிட்ட இந்நாளில், பழைய ஆலயத்தின் நினைவாகப் பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது புகைப்படம் ஒன்றே. ஆதலால் இக்குறையைக் களையும் வழியை அறிந்திருத்தல் நன்று.

இதற்கு முதற்காரணம் ஒளிக்குறைவே. கேமராவின் உணரியில் விழும் சொற்ப ஒளியைப் பெருக்கிக் காட்டும்போது, குறையும் சேர்ந்தே பெருகுகிறது. ஒளியை நான்கு மடங்கு ஏற்கச் செய்தால் புள்ளிகளின் வீச்சு ஏறக்குறைய பாதியாகும்.

அலங்காரத்தில் வீற்றிருக்கும் மூர்த்தி அசைவதில்லை. எனவே பிளாஷைத் தவிர்த்து, கேமராவை மூன்றுகால் தாங்கியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. அளவைக் குறைத்து, ஒரு வினாடி வரை ஒளியை ஏற்கச் செய்யலாம். அவ்வாறு ஒரே இடத்திலிருந்து எடுத்த 16 படங்களைக் கணினியில் சராசரியாக்கினால், புள்ளிகள் கால்பங்காகக் குறையும். அசைந்து வரும் இரதத்திற்கோ இம்முறை பொருந்தாது; ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி விரைந்து எடுத்தலே தகும். புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம். கலங்கிய உருவத்தைத் திருத்துவது அரிது.

கணினியால் புள்ளிகளை மிகையாகத் துடைத்தால் திருவாபரணங்களின் நுண்வேலைப்பாடும் மறைந்துவிடும். ஆகவே ஆலய நிர்வாகத்தினர் மூலப்படத்தை, தோட்டத்தின் பெயரும் ஆண்டும் குறித்து, தனியே பாதுகாத்தல் வேண்டும். வருங்காலச் சந்ததியினர்க்கு அதுவே சான்றாக விளங்கும்.