நான்காம் அங்கம்

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக்குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு அங்கங்களாக வகுப்பர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன். கற்போர் முதல் மூன்றையும் ஆராய்ந்து, நான்காம் அங்கத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நீரிழிவின் முன்னர் அந்த நான்காம் அங்கமே தலையாயதாகிறது.

காரணம் வெளிப்படை. காய்ச்சல் வந்து நீங்குவது; நீரிழிவோ வாழ்நாள் முழுதும் உடனுறைவது. மருத்துவரைக் காண்பது மாதம் ஒருமுறை. மற்றை நாளெல்லாம் நோயாளியே தமக்கு மருத்துவர். பொஸ்டன் நகரத்து மருத்துவர் ஜொஸ்லின் இவ்வுண்மையை உணர்ந்து, நோயாளருக்கான கைந்நூலை 1918இலேயே வெளியிட்டார். 1922இல் ரொறொன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதல் ஏற்றப்பட்டபின்னும் அவர் போதனையைக் கைவிட்டாரல்லர். நம் நாட்டிலும் இலங்கை மருத்துவச் சங்கம் 2009இல் தொடங்கிய 'நிரோகி லங்கா' திட்டம், தாதியர்க்கு நீரிழிவுப் போதனையில் தனிப்பயிற்சி அளித்தது.

இத்தொண்டினை மேற்கொண்ட சிங்களத் தாதி ஒருவருக்குப் பதுளையில் விடுமுறை நாட்களிலே மொழித்துணையாக அமர்கிறேன். பசறை, லுணுகலை, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து மக்கள் வருவர். 'இனிப்பைக் குறையுங்கள்' என்று அவர் ஒருபோதும் சொல்வதில்லை.

"நாளைக்கு எத்தனை சாயத்தண்ணி, அம்மா?"

"ஆறுங்க மிஸ்ஸி."

"ஒவ்வொன்றுக்கும் எத்தனை கரண்டி சீனி?"

"ரெண்டுங்க." விரல்விட்டு எண்ணிய அம்மூதாட்டி திடுக்கிட்டார். "ஐயையோ, பன்னிரண்டா!"

பிறர் விதித்த விலக்கினும் தாமே கண்ட கணக்கு வலியது.

அடுத்த பாடம் நுட்பமானது. காலையில் இன்சுலின் ஏற்றிக்கொண்டு, பெரட்டுக்கு நேரமாயிற்றென்று உண்ணாமல் மலையேறுபவளுக்குக் குருதியிலே சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். செங்குத்தான சரிவில் அம்மயக்கம் உயிர்க்கே இறுதியாகலாம். அவ்வேளை ஏறத்தாழ 15 கிராம் சீனி, அஃதாவது மூன்று தேக்கரண்டி, உடனே உட்கொள்ளவேண்டும்; பதினைந்து நிமிடத்திலே தெளிவு பிறவாவிடின் மீண்டும் உட்கொள்ளவேண்டும். ஆனால், 'சீனி உனக்கு நஞ்சு' என்று மட்டும் கேட்டுவந்தவள் அந்நேரத்திலே அதனைத் தொடுவாளோ? நஞ்சே மருந்தாகும் தறுவாயையும் அவளுக்கு உணர்த்தவேண்டும். ஆதலின் மடியிலே ஒரு சீனிப்பொட்டலத்தை முடிந்துகொள்ளச் சொல்கிறார் தாதி.

கால்களையும் அவர் மறப்பதில்லை. நாள்பட்ட நோய் பாதத்தின் உணர்ச்சியைக் கவர்ந்துவிடுவதால், தைத்த முள் தெரிவதில்லை. சிறு புண்ணே காலை இழக்கச்செய்யும். கண் மங்கியோர் இரவுதோறும் பேரப்பிள்ளையைக்கொண்டு உள்ளங்காலைப் பார்ப்பித்துக்கொள்க என்பார்.

இங்குத் தமிழாசிரியராகிய நமக்கும் ஒரு கடனுண்டு. 'குருதிக் குளுக்கோசுக் குறைவு' என்பது சீரிய கலைச்சொல்லே. ஆயினும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் 'சீனி இறங்கிப் போச்சு' என்றால்தான் அபாயம் விளங்கும். தமக்கு விளங்காத மொழியிலே எழுதிய துண்டினைப் பெட்டியில் பூட்டிவைக்கும் குடும்பங்கள் லயங்களிலே பலவுள. அத்துண்டினை அவர்தம் சொல்லிலே எழுதித் தரவும் படித்துக் காட்டவும் வல்லார், புலமையுடையோரும் மாணவருமாகிய நாமல்லவா? திங்களுக்கு ஒரு சனிக்கிழமையேனும் அதற்கு ஈவோமாக.