எள்ளலும் அவையச்சமும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். 1943ஆம் ஆண்டு சி. கணேசையரின் குறிப்புகளோடு சுன்னாகத்தில் அச்சேறிய பேராசிரியர் உரை, இவ்வெள்ளலை இருவகைப்படுத்துகின்றது. பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இரண்டாவதே ஈண்டு நம் சிந்தனைக்குரியது. இகழப்பட்டவன் நகுவானேன்?

அவைக்கு அஞ்சுதல் புதிதன்று. வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், அவ்வச்சம் வரம்பு கடந்து, நால்வர் கூடுமிடத்துக்குச் செல்லவும் ஒருவனைத் தடுக்குமாயின், அதனை ஒரு நோயாகவே உளமருத்துவர் கருதுவர். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே அது தலைகாட்டுகின்றது. பிறர் தன்னைத் தாழ்வாக மதிப்பர் என்னும் எண்ணமே அதன் வேர். அத்தகையோருட் சிலர், பிறர் நகைக்குமுன் தம்மைத் தாமே நகைப்புக்கிடமாக்கிக் கொள்கின்றனர். அவை சிரிக்கின்றது. அவர்கள் தப்பிவிட்டனர் என்றே நாம் எண்ணுகின்றோம்.

நகைச்சுவை உளத்துக்கு அரண் என்பதில் ஐயமில்லை. அச்சமுற்ற குழந்தையைத் தந்தை தேற்றுவதுபோல, மனத்தின் உயர்கூறு துன்புற்ற மனத்தைத் தேற்றுவதே நகைச்சுவை என்று சிக்மண்ட் புரொய்ட் 1927இல் எழுதினார். எனினும், எல்லா நகையும் தேற்றுவதில்லை. கனடாவின் றொட் மார்ட்டினும் அவர்தம் குழுவினரும் 2003இல் நகைச்சுவையை நான்காக வகுத்தனர்: உறவை வளர்ப்பது, இடுக்கணில் தன்னைத் தேற்றுவது, பிறரைப் புண்படுத்துவது, பிறர் மகிழத் தன்னையே தாழ்த்துவது. தன்னைத் தேற்றும் நகை மிக்காரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தும், தன்னைத் தாழ்த்தும் நகை மிக்காரிடம் அவை மிகுந்தும் காணப்பட்டன. நகையால் நோய் வந்ததோ, நோயால் அந்நகை பிறந்ததோ என்பதை இவ்வொப்பீடு மட்டும் காட்டாது. ஆயினும், அது ஓர் அறிகுறி என்பதை மறுத்தற்கில்லை.

இவ்விரு நகையும் கேட்போர் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். அவை கலைந்தபின், தனிமையில், சொன்னவன் நெஞ்சு இலேசாயிற்றா, மேலும் குன்றிற்றா என்பதிலேதான் வேறுபாடு உளது.

ஆசிரியர்கள் இதனை எண்ணுதல் நன்று. தன் திக்குவாயையோ நிறத்தையோ வறுமையையோ சொல்லி வகுப்பைச் சிரிக்கவைக்கும் மாணவனை நாம் துணிவுள்ளவன் என்று மெச்சுகின்றோம். சில வேளை நாமும் உடன் சிரிக்கின்றோம். அச்சிரிப்பு, அவன் தன்னைப் பற்றிக் கொண்ட தாழ்வான மதிப்பீட்டுக்கு நாம் இடும் கையொப்பமாகிவிடும். அஞ்சும் எண்ணங்களை ஆராய்ந்து, அஞ்சும் இடங்களைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பயிற்றும் சிகிச்சையால் இந்நோயினர் பலர் நலமடைகின்றனர். அதற்கு முன்னதாக, சிரிப்பின் அடியில் அச்சம் இருப்பதை யாரேனும் ஒருவர் கண்டுகொள்ளவேண்டும். வகுப்பறையில் அந்த ஒருவர் ஆசிரியரே.