சேலையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்

தீபாவளி நெருங்கும்போது சென்னை தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் ‘ஆட்கள் தேவை’ அறிவிப்பு தொங்கத் தொடங்கிவிடும். விற்பனைப் பிரிவுக்கு வருபவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுபவை சொந்த ஊர், படிப்பு, இதற்கு முன் இருந்த கடை, எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவைதான். மீதியை முகமும் பேச்சும் தீர்மானிக்கின்றன. கலகலவென்று பேசுபவருக்கு வேலை கிடைக்கிறது. கூச்சத்தோடு மெதுவாகப் பதில் சொல்பவர் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பதைக் கேட்டுத் திரும்புகிறார். இப்படி ஆள் எடுப்பதில் வேலை தேடுபவரைப் போலவே கடைக்கும் நஷ்டம் என்பதே என் வாதம். அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையையே செய்யவைத்துப் பார்க்கும் தேர்வு பிற்காலத் திறமையை நன்றாகக் கணிக்கிறது என்றும், முன் அனுபவ ஆண்டுகள் மிகக் குறைவாகவே கணிக்கின்றன என்றும் காட்டினார்கள். 2022இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் சகாக்களும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல் அதில் முதலிடத்துக்கு வந்தது. மனம்போன போக்கில் பேசி முடிக்கும் நேர்காணல் வெகுவாகப் பின்தங்கியது.

விற்பனையே வாய்ப்பேச்சுத் தொழில்தானே, பேச்சைப் பார்த்து எடுப்பதில் என்ன தவறு என்று முதலாளிகள் கேட்கலாம். 2013இல் உளவியலாளர் ஆடம் கிராண்ட், தொலைபேசி வழியே விற்கும் 340 பேரை ஆராய்ந்தார். அதிகம் விற்றவர்கள் ஓயாமல் பேசும் சுபாவக்காரர்கள் அல்லர், ஒதுங்கியே இருப்பவர்களும் அல்லர், இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். தொலைபேசி வேறு, கடை வேறு என்பது உண்மை. ஆனால் சேலைப் பிரிவில் காது கொடுப்பதன் தேவை இன்னும் கூடுதல். யாருக்கு, என்ன விசேஷத்துக்கு, எவ்வளவுக்குள் என்று கேட்ட பிறகே நல்ல விற்பனையாளர் மடிப்பைக் கலைப்பார். வந்தவரின் கண் எந்த நிறத்தில் ஒரு கணம் நின்றது என்று கவனித்து அதைத் தனியே எடுத்து வைப்பார். மகள் ‘நல்லா இருக்கு’ என்கிறபோது அம்மா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதையும் கவனிப்பார். இந்தக் கவனம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் ஐந்து நிமிடத்தில் வெளிப்படவே வாய்ப்பில்லை.

ஆகவே சூப்பர்வைசரே வாடிக்கையாளராக நிற்கட்டும். ‘அம்மாவுக்குச் சேலை வேண்டும், ஆயிரத்து ஐந்நூறுக்குள், ஜரிகை அதிகம் கூடாது’ என்று எல்லோரிடமும் ஒரே தேவையைச் சொல்லட்டும். விரிக்கும் முன் கேள்வி கேட்டாரா, சொன்ன விலைக்குள் நின்றாரா, கேட்டது இல்லையென்றால் மழுப்பாமல் சொன்னாரா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். கிராமத்திலிருந்து புதிதாக வந்தவருக்குத் துணி வகை தெரியாதே என்றால், முதலில் நான்கு வகைகளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால் போதும். கற்றுக்கொள்ளும் வேகமும் தெரிந்துவிடும். சீசன் நெருக்கடியில் ஆளுக்குப் பத்து நிமிடம் ஏது என்பது நியாயமான கேள்விதான். பொருந்தாமல் எடுத்த ஆள் பாதி சீசனில் போய்விட்டால், அந்த இடத்தை நிரப்ப அதைவிட அதிக நேரம் போகும்.

சோதனை என்ற பெயரில் நாள் முழுக்கச் சம்பளமின்றி வேலை வாங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அதனால் உண்மையான வாடிக்கையாளர் முன் நிறுத்தக் கூடாது, பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் வேலை தேடுபவரும் கடையை அளந்து பார்க்க முடியும். கேரளம் 2018இல் செய்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இருக்கை எங்கே, வார விடுமுறை எந்த நாள், கமிஷன் ஆளுக்கா பிரிவுக்கா, சரக்கு குறைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவரும் கேட்க வேண்டும். கேட்டார் என்பதற்காக மதிப்பெண் குறையக் கூடாது.