சாப்பாட்டுக் கூடம் ஏன் அலறுகிறது?

பேச்சிப்பாறை இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். இங்கே தகரக் கூரை போட்ட ஒரு மாணவர் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். மேலே மழை, கீழே டைல்ஸ் தரையில் இழுபடும் பெஞ்சுகள், எவர்சில்வர் தட்டுகள். சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம்; இதை 1911-ல் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார். பக்கத்து மேசையும் உயர்த்தும். இரைச்சல் ஏற ஏற உடல் அட்ரினலின் சுரந்து உஷாராகிறது. பரீட்சைக் கவலையோடு வந்த பிள்ளை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறது. இது மாணவரின் குறையல்ல, கட்டடத்தின் குறை.

இந்தக் குறையைக் கணக்கிட வழி உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-ல் எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, முழக்கம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அவர் கணக்கு எளிது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நொடிகள் கிடைக்கும். 800 கன மீட்டர் கூடத்தில் அந்தப் பரப்பு 60 சதுர மீட்டர் என்றால் 2 நொடிக்கு மேல். 180 ஆக்கினால் சுமார் 0.7.

ஒலியை உறிஞ்சும் பொருளுக்கு வெளியூர் போகவேண்டாம். தென்னை நார்ப் பலகையைக் கூரைக்கடியில் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். இழைகளுக்கிடையே காற்று உரசும்போது ஒலி வெப்பமாகிவிடும். இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலியும் ஓரளவு அடங்கும். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் உறை போடலாம். சுற்றிலும் ரப்பர் தோட்டம்தானே! எண்ணெய்ப் புகை படிந்தால் நார்த்துளை அடைபடும் என்பதால் சமையற்கட்டை ஒட்டி மாட்டக்கூடாது. பலகைக்குத் தீத்தடுப்புப் பூச்சு கட்டாயம்.