பேதி மருந்தும் பெருங்குடலும்

இரவு படுக்கப் போகுமுன் இரண்டு பேதிக் குளிசை. காலையில் வயிறு கழிந்தால்தான் மனத்துக்கு நிம்மதி. இப்படி ஆண்டுக்கணக்கில் வாழ்வோர் பலர். மலம் ஒருநாள் தங்கினாலும் உடம்பெங்கும் நஞ்சேறிவிடும் என்ற அச்சம் முதியோரை இப்பழக்கத்துக்கு இழுக்கிறது. மெலிய வேண்டும் என்ற ஆசை இளையோரை இழுக்கிறது.

அச்சம் வீணானது. நாளுக்கு மூன்று முறை மலங்கழிப்பவரும் சுகதேகியே. கிழமைக்கு மூன்று முறை கழிப்பவரும் சுகதேகியே. முன்னோர் பேதிக்குக் குடிக்கவில்லையா என்று கேட்போர் உண்டு. குடித்தார்கள். ஆனால் சித்த வைத்தியம் விதித்தது நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நாள்தோறும் விழுங்குவதற்கு அது சான்றாகாது.

மெலியும் ஆசையும் நிறைவேறுவதில்லை. உணவின் சத்தில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. நிலாவாரை, பிசாகொடில் போன்ற மருந்துகள் வேலை செய்வதோ அதற்கப்பால் உள்ள பெருங்குடலில். கள்ளன் போன பின் படலையைச் சாத்துவது போன்றது இது. 1983 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடும்பேதி உண்டாக்கியபோதும் உணவின் சக்தியில் ஏறக்குறைய 12 வீதமே உறிஞ்சப்படாமற் போனது. தராசில் குறைந்தது நீரின் நிறை. தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

உண்பதும் குடிப்பதும் செரிமான நீர்களுமாகச் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 9 லீற்றர் நீர் குடலுக்குட் செல்கிறது. மலத்தோடு வெளியேறுவது சுமார் 200 மில்லிலீற்றருக்கு மேற்படாது. அத்தனை சிக்கனமான இல்லறத்தைப் பேதி மருந்து குலைத்துவிடுகிறது. நீரோடு பொற்றாசியமும் போய்விடும். அது குறைந்தால் தசைகள் தளரும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். சிலவேளை உயிருக்கே கேடு வரும். சிறுநீரகமும் பழுதடையக்கூடும்.

குடல் அசைவதற்கும் பொற்றாசியம் வேண்டும். அது குறையக் குறையக் குடல் மந்தமாகும். அன்றியும், பேதியால் முழுவதும் வெறுமையான குடல் மீண்டும் நிரம்ப இரண்டொரு நாள் செல்லும். அந்த இடைவேளையை மலச்சிக்கல் என்று எண்ணி மறுபடியும் குளிசை. இரண்டு போதாமல் நான்கு, நான்கு போதாமல் எட்டு. நோயை உண்டாக்குவதும் மருந்து, அதற்கு மருந்தாவதும் அதுவே என்ற சுழல் இது.

மீள்வது இயலாத காரியம் அன்று. மிகுதியாக உண்டு பழகியவர் முதலில் வைத்தியரிடம் சென்று இரத்தத்திலுள்ள பொற்றாசியத்தைப் பரிசோதித்தல் வேண்டும். குளிசையை நிறுத்திய பின் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும். காலும் முகமும் வீங்கும், வயிறு ஊதும், நிறை கூடும். இது கொழுப்பு அன்று; பெரும்பாலும் சில கிழமைகளில் வடிந்துவிடும். இதை முன்னரே அறியாதவர்கள்தாம் பயந்து பழைய போத்தலைத் தேடுகிறார்கள்.

குரக்கன், தவிடு நீக்காத அரிசி, கீரை, பயறு, பப்பாசி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதியளவு குடிக்க வேண்டும். காலையுணவு இரைப்பைக்குட் சென்றதும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அவ்வேளையில் அவசரமின்றி மலகூடத்தில் இருப்பது நன்று. கதிரைபோன்ற மலகூடமாயின் பாதத்தின் கீழ் ஒரு சிறு பலகையை வைத்தால் குந்தியிருக்கும் நிலை கிட்டும். வந்த உணர்வை அடக்கலாகாது.

மெலிவதற்காக மறைவில் விழுங்கும் பிள்ளையை ஏசுவதால் பயனில்லை. அது பெரும்பாலும் மனத்தைப் பற்றிய நோய்; மனநல வைத்தியரின் துணை வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், வாந்தியோடு கூடிய வயிற்றுவலி ஆகியவை தோன்றினால் பேதி மருந்தைத் தொடாது ஆசுப்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மோர்பின் போன்ற வலிநீக்கிகளை உண்போர் நிலை வேறு. அவர்களுக்கு வைத்தியர் கொடுத்த பேதி மருந்து சிகிச்சையின் ஒரு பகுதியாதலால், அதைத் தாமாக நிறுத்தலாகாது.